கேட்டவர் எங்கே உட்கார்ந்திருந்தார்?

நேர்காணலை ஆய்வு முறையாகக் கற்பிக்கும் பாடநூல்கள் பெரும்பாலும் சார்லஸ் பூத்தின் லண்டனிலோ சிகாகோவிலோ தொடங்கும். காஞ்சிபுரம் வட்டாரத்தில் இருப்பவர் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 1763இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த செங்கல்பட்டு ஜாகீரைப்போல் கேள்விகளால் துளைக்கப்பட்ட சீமை இந்தியாவில் அதிகம் இருக்காது. 1767 தொடங்கி 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களில் வீடு எத்தனை, ஏரி எத்தனை, மானியம் யாருக்கு, எந்தத் தொழில் செய்வோர் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தார். 1790களில் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ், நிலத்தின் மேல் யாருக்கு என்ன பாத்தியதை என்று துருவினார். 1818இல் சென்னைக் கலெக்டர் எல்லிஸ், மிராசு உரிமை குறித்து அரசு கேட்ட 17 கேள்விகளுக்கான பதில்களைத் தன் விரிவான குறிப்புகளோடு அச்சிட்டார்.

அந்தப் பதில்களைச் சொன்னவர் சங்கரய்யா. சிரஸ்தாராக இருந்தவர், கற்றறிந்தவர், பழைய சாசனங்களும் தர்மசாஸ்திரமும் அறிந்தவர். தொண்டைமண்டலத்தின் 24 கோட்டங்களில் மிராசு எப்படி உண்டாயிற்று, எப்படிக் கைமாறியது என்பதற்கு அவர் தந்த விளக்கம் இன்றும் வரலாற்றாசிரியர்கள் புரட்டும் ஆவணம். எங்கள் ஊரான தாமலின் பெயரைத் தாங்கிய தாமர்க் கோட்டமும் அந்த 24இல் ஒன்று. ஆனால் ஏர் பிடித்த பண்ணையாளையோ படியாளையோ உட்காரவைத்து யாரும் அந்த 17 கேள்விகளைக் கேட்கவில்லை. அமெரிக்க வரலாற்றாசிரியர் யூஜின் இர்ஷிக் 1994இல் செங்கல்பட்டு மாவட்டத்தைப் பற்றி எழுதிய நூலில், இந்த அறிவு வெள்ளைக்காரன் தனியாகச் சமைத்ததல்ல, உள்ளூர்க்காரர்களோடு நடந்த உரையாடலில் விளைந்தது என்று வாதிட்டார். சரிதான். ஆனால் உரையாடலில் பேசும் வாய்ப்பு கிடைத்தவர்கள் யார் என்பது அதற்கு அடுத்த கேள்வி.

அந்தக் கேள்விக்கான பாதிப் பதில் 1891இல் வந்தது. செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமன்ஹியர் தன் மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி ஒரு குறிப்பு எழுதினார். குடியிருக்கும் மனைகூட மிராசுதாருக்குச் சொந்தம் என்பதையும், தரிசு நிலத்துக்கு விண்ணப்பித்தால் மிராசுதாருக்கே முன்னுரிமை என்ற விதி அவர்களை எப்படி நிலமற்றவர்களாகவே வைத்திருந்தது என்பதையும் அதில் விவரித்தார். 1892இல் அரசு பிறப்பித்த 1010ஆம் எண் ஆணைக்கும், இன்று பஞ்சமி நிலம் என்று நாம் சொல்லும் ஏற்பாட்டுக்கும் அந்தக் குறிப்புதான் அடிப்படை. எல்லிஸ் விவரித்ததும் ட்ரெமன்ஹியர் விவரித்ததும் ஒரே மண். முன்னதில் மிராசு ஒரு தொன்மையான உரிமை. பின்னதில் அதுவே கழுத்துப்பிடி. இரண்டில் எதையும் பொய் என்று தள்ள முடியாது.

நேர்காணல் முறை பற்றிக் கடந்த நூறாண்டுகளில் எழுதப்பட்டவற்றைத் திரும்பிப் பார்க்கும்போது என் கண்ணில் நிற்பது இதுதான்: கேள்வித்தாளின் நேர்த்தியைவிட, கேட்டவர் யாருடைய திண்ணையில் உட்கார்ந்தார், பக்கத்தில் யார் நின்றார், பதிலை வைத்து அவரால் என்ன செய்ய முடியும் என்று பதில் சொன்னவர் நினைத்தார் என்பவையே பதிலைத் தீர்மானிக்கின்றன. ஆய்வேடுகளில் விட்டுப்போகிற விவரமும் இதுவே.

விட்டுப்போவதால் முறையே பயனற்றது என்று ஆகிவிடாது. இந்த மாவட்டத்தின் பெருமையாகச் சொல்லப்படும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளையே எடுத்துக்கொள்வோம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பட்டவை. குடவோலையில் பெயர் எழுத 35 வயதுக்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், கால் வேலி இறைநிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும் என்று துல்லியமாகச் சொல்கின்றன. சபைக்குள் வர முடியாதவர்கள் அதைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதைக் கல் சொல்லாது. கல்லும் ஓலையும் கணக்குப் புத்தகமும் வைத்திருந்தவர்களின் பேச்சு மட்டும் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எழுதாதவர்களின் காரணங்களும் கணக்கீடுகளும் வருத்தங்களும் வேண்டுமென்றால், அவர்கள் உயிரோடிருக்கும்போதே போய்க் கேட்டால்தான் உண்டு.

எப்படிக் கேட்பது என்பதில் பாடநூல்கள் வகை பிரிக்கின்றன. எல்லோருக்கும் ஒரே வரிசையில் ஒரே கேள்வி; தலைப்புகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பேச்சின் போக்கில் கேட்பது; வாழ்க்கை முழுவதையும் சொல்லவிடுவது; ஒரு குழுவை உட்காரவைத்துப் பேசவைப்பது. இவற்றின் நன்மை தீமைகளைப் பட்டியலிட்டால் தேர்வுக்குப் பயன்படும், இங்கே வேண்டாம். ஒன்றை மட்டும் சொல்லலாம். சிகாகோ அருகே ஹாதோர்ன் தொழிற்சாலையில் 1928 முதல் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பேட்டி கண்டார்கள். முதலில் குறித்துவைத்த கேள்விகளைக் கேட்டார்கள். தொழிலாளர்களோ கேள்வியை விட்டுத் தங்களுக்கு முக்கியமானதற்கே போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஆய்வாளர்கள் கேள்விகளைக் கைவிட்டுக் காதைத் திறந்தார்கள். அரை மணி நேரப் பேட்டி ஒன்றரை மணி நேரமாயிற்று. நம்மூர்ப் பாட்டியிடம் 'மாத வருமானம் எவ்வளவு' என்று கேட்டுவிட்டு அவர் மருமகளைப் பற்றிப் பேசுவதைக் கேட்க நேர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மருமகள் பேச்சில்தான் வருமானமும் இருக்கும்.

தமிழகத்தில் நவீன முறையில் கிராமங்களைக் கேட்டறியும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர். 1916இல் மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்து ஊர்களுக்கு அனுப்பினார். 1918இல் நூலாக வந்தது. அதில் இடம்பெற்றவற்றுள் தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு, அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரம், திருநெல்வேலிப் பக்கத்துக் கங்கைகொண்டான், அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துப் பாலக்குறிச்சி ஆகியவற்றோடு வடார்க்காட்டின் தூசியும் ஒன்று. தூசி எங்களுக்குப் பாலாற்றின் அக்கரை. மாமண்டூர் ஏரியை ஒட்டிய ஊர். 1936-37இல் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மறுபடியும் ஆள் அனுப்பினார்கள். 1961இல் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து எஸ். குகன், வெங்கடேஷ் ஆத்ரேயா முதலானோர் போனார்கள். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் இருவேல்பட்டுக்குப் போய், ஒரு பெருநிலக் குடும்பத்தின் பிடியில் இருந்த ஊரில் அந்தப் பிடி தளர்ந்திருப்பதை எழுதினார்கள். ஒரே ஊரைத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் திரும்பத் திரும்பக் கேட்ட ஆய்வு உலகத்திலேயே அபூர்வம். இதை நம் கல்லூரிகளில் எத்தனை பேர் சொல்லித்தருகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

ஆனால் 1916இல் கல்லூரி வரை வந்த பிள்ளைகள் யார்? பெரும்பாலும் நிலமுள்ள, மேல்சாதிக் குடும்பத்தவர். அவர்கள் ஊருக்குப் போனால் யார் வீட்டில் இறங்கியிருப்பார்கள், கூலிக்காரரிடம் கூலி எவ்வளவு என்று எந்த இடத்தில் நின்று கேட்டிருப்பார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய ஞானம் தேவையில்லை. கூலி கொடுப்பவரின் வாசலில் நின்று கூலி வாங்குபவர் சொல்லும் எண்ணும், ஏரிக்கரையில் அவர் தன் ஆட்களிடம் சொல்லும் எண்ணும் ஒன்றாக இருக்காது. இரண்டாம் முறை போனவர்கள் முதல் முறை எண்ணோடு தங்கள் எண்ணை ஒப்பிடும்போது கூலி மாறியிருக்கிறதா, கேட்ட இடம் மாறியிருக்கிறதா என்று பிரித்தறிய வேண்டும்.

இதை ஒளிக்காமல் எழுதிய ஆய்வாளர்களும் உண்டு. ஆந்த்ரே பெத்தேல் 1960களின் தொடக்கத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் தங்கினார்; ஸ்ரீபுரம் என்று புனைபெயரிட்டு 1965இல் நூல் எழுதினார். அவர் தங்கியது அக்ரஹாரத்தில். அங்கே இருந்ததால் கிடைத்தவையும் அங்கே இருந்ததாலேயே சேரிக்குள் இயல்பாகப் போக முடியாமல் போனதும் அவரே பின்னர் ஒரு கட்டுரையில் சொன்னவை. எம். என். ஸ்ரீநிவாஸ் மைசூர்ப் பக்கத்து ராம்புராவில் 1948இல் ஊர்த்தலைவரின் ஆதரவில் தங்கினார். 1970இல் ஸ்டான்ஃபோர்டில் வைக்கப்பட்ட தீயில் அவரது தொகுத்த குறிப்புகள் எரிந்துபோக, நினைவிலிருந்தே அந்த ஊரை எழுதி 1976இல் வெளியிட்டார். குறிப்பு போனாலும் நூல் பிழைத்தது. அதில் தலைவரின் வீட்டிலிருந்து பார்த்த ஊர் என்ற சாயல் இருப்பதை அவர் மறைக்கவில்லை.

நம் மாவட்டத்திலேயே இந்தச் சிக்கல் ஒரு பெரிய விவாதமாக வெடித்தது. ஜோன் மென்ஷர் அன்றைய செங்கல்பட்டு மாவட்ட ஊர்களில் பல ஆண்டுகள் வேலை செய்தவர். 1974இல் அவர் எழுதிய கட்டுரை, சாதியை அடியிலிருந்து பார்த்தால் அது புனிதம், தீட்டு பற்றிய தத்துவமாகத் தெரிவதில்லை, உழைப்பைச் சுரண்டும் ஏற்பாடாகத்தான் தெரிகிறது என்றது. பறையர்கள் அவரிடம் அப்படித்தான் பேசினார்கள். 1979இல் மைக்கேல் மொஃபட்டின் நூல் வந்தது. அதே செங்கல்பட்டு மாவட்டம், எண்டாவூர் என்ற ஊர். சேரிக்குள்ளும் மேலே உள்ள அதே அடுக்குகள், அதே வகைச் சடங்குகள் இருப்பதைக் கண்ட அவர், தாழ்த்தப்பட்டவர்கள் இந்த ஒழுங்கை ஆழத்தில் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்தார். ஒரே மாவட்டம், ஏறக்குறைய ஒரே காலம், நேர் எதிரான இரண்டு முடிவுகள். மொஃபட்டை மறுத்து ராபர்ட் டெலீஜ் போன்றவர்கள் நிறைய எழுதினார்கள்.

என் சாய்வு மென்ஷர் பக்கம். மொஃபட் சடங்கின் வடிவத்தைப் பார்த்து மனத்தின் இசைவை ஊகித்தார். வடிவம் ஒன்றாக இருப்பதால் மனமும் ஒன்று என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் அவரிடம் 'எல்லாம் முறைப்படிதான் நடக்குது' என்று சொன்னவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. மலேசியக் கிராமம் ஒன்றில் ஆய்வு செய்த ஜேம்ஸ் ஸ்காட் 1990இல் எழுதியது இதற்கு உதவும்: ஆதிக்கத்துக்கு உட்பட்டவர்கள் ஆண்டை முன்னால் ஒரு பேச்சும் தங்களுக்குள் ஒரு பேச்சும் வைத்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர், அதுவும் வெள்ளைக்காரர், முதலில் கேட்பது எந்தப் பேச்சாக இருக்கும்?

அமெரிக்காவில் இதற்குக் கிடைத்த சான்று கிட்டத்தட்ட ஒரு சோதனைச்சாலைப் பரிசோதனையைப் போன்றது. 1930களின் பிற்பகுதியில் அரசுத் திட்டம் ஒன்றின்கீழ், முன்னாள் அடிமைகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பேட்டி கண்டார்கள். சார்ல்ஸ்டன் நகரில் சூசன் ஹாம்லின் என்ற மூதாட்டியை இருவர் தனித்தனியாகப் போய்க் கேட்டிருக்கிறார்கள்; ஒருவர் வெள்ளைக்காரப் பெண், மற்றவர் கறுப்பர். வெள்ளைக்காரப் பெண்ணிடம் தன் எஜமான் நல்லவர் என்றார். கறுப்பரிடம் சவுக்கடியையும் குழந்தைகளைப் பிரித்து விற்றதையும் சொன்னார். இரண்டு பேட்டிகளும் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒன்று மட்டும் கிடைத்திருந்தால் நாம் அதையே வரலாறு என்று எழுதியிருப்போம்.

உட்காரும் இடம் என்பது சாதி மட்டுமல்ல, சாலையும்தான். ராபர்ட் சேம்பர்ஸ் 1970களில் வடார்க்காட்டு நெல் சாகுபடி பற்றிய கேம்பிரிட்ஜ்–சென்னைக் கூட்டு ஆய்வில் பங்கெடுத்தவர். தாமலைத் தாண்டினால் அந்தப் பழைய வடார்க்காடு தொடங்கிவிடும். 1983இல் அவர் எழுதிய நூல், வறுமையைப் பார்க்க வருகிறவர்கள் எவற்றை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று அடுக்குகிறது. தார்ச்சாலை ஓரத்து ஊர்; அந்த ஊரிலும் சாலையோர வீடு; திட்டம் நடக்கும் இடம்; ஆண்கள்; பேசத் தெரிந்தவர்கள்; மழை இல்லாத மாதங்கள். பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கும் தாமலுக்கு இது நன்றாகவே பொருந்தும். காஞ்சிபுரத்திலிருந்து காரில் வருபவருக்கு எங்கள் ஊர் ஒரு வசதி. பஞ்சாயத்து அலுவலகம், ஏரிக்கரை, வராகீஸ்வரர் கோயில் என்று பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். சாலையிலிருந்து உள்ளே போக வேண்டிய குடியிருப்புகளில் என்ன நடக்கிறது என்பது எங்கள் சாலையோரத்து வாயால் சொல்லப்பட்டுப் புள்ளிவிவரமாகிவிடும்.

மாதமும் முக்கியம். ஆய்வு மாணவர்கள் பெரும்பாலும் தையிலிருந்து பங்குனிக்குள் வருவார்கள். வெயிலும் குறைவு, மழையும் இல்லை. அது சம்பா அறுவடை முடிந்து கையில் காசும் வீட்டில் நெல்லும் இருக்கும் காலம். அதே வீட்டில் ஐப்பசி மழையில், வயலில் வேலையில்லாத வாரத்தில், 'சாப்பாட்டுக்குக் கஷ்டமா' என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

நினைவின் விஷயம் இன்னும் கடினம். 'போன மாதம் எண்ணெய்க்கு எவ்வளவு செலவு செய்தீர்கள்' என்ற கேள்வி எளியதாகத் தோன்றும். இந்தியாவின் வறுமைக் கோடே இந்தக் கேள்வியில் தொங்கியது. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு 1950இல் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே மகலநோபிஸும் எஸ். பி. சென்னும் ஒரு வாரக் கணக்குக் கேட்டால் செலவு கூடுதலாக வருகிறது, ஒரு மாதக் கணக்குக் கேட்டால் குறைவாக வருகிறது என்று கண்டு, மாதத்தையே தேர்ந்தெடுத்தார்கள். 1999-2000இல் நடந்த 55ஆம் சுற்றில் உணவுப் பொருள்களுக்கு ஏழு நாள் கணக்கையும் முப்பது நாள் கணக்கையும் அடுத்தடுத்த பத்திகளில், ஒரே ஆளிடம், ஒரே அமர்வில் கேட்டார்கள். ஏழு நாளுக்குச் சொன்ன எண்ணைப் பெருக்கி முப்பது நாளுக்கும் பொருத்திச் சொல்லும் சாத்தியம் திறந்தது. அந்தச் சுற்றின்படி வறுமை 26 சதவிகிதம். 1993-94இல் அது 36. குறைந்தது வறுமையா, மாறியது கேள்வியா என்று பொருளாதார அறிஞர்கள் பல ஆண்டுகள் மல்லுக்கட்டினார்கள். 2022-23 கணக்கெடுப்பில் ஒரே வீட்டுக்கு மூன்று முறை போய்ப் பகுதி பகுதியாகக் கேட்டார்கள். அதனால் பழைய எண்களோடு அப்படியே ஒப்பிட முடியாதபடி ஆயிற்று. கோடிக்கணக்கானோரை ஏழையாக்குவதும் ஏழையல்லாதவராக்குவதும், பாதியளவுக்கு ஒரு பெண்மணி தன் வாசலில் எத்தனை நாளை நினைவுகூரச் சொல்லப்பட்டார் என்பதைப் பொறுத்தது.

வயதும் ஆண்டும் கேட்பதில் அனுபவமுள்ள களப்பணியாளர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். நேராகக் கேட்டால் 45, 50, 60 என்று முழு எண்களாகக் குவியும். 'எம்ஜிஆர் செத்தப்போ உங்க மகன் பள்ளிக்கூடம் போயிட்டிருந்தானா?' என்று கேட்டால் 1987 டிசம்பரோடு ஒரு முடிச்சுப் போடலாம். 2015 வெள்ளம் இன்னொரு முடிச்சு. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று போகத்தை வைத்துக் கேட்டால் கடன் வாங்கிய மாதம் சரியாக வரும். உள்ளூர்க் காலண்டர் தெரியாத ஆள் இதைக் கேட்க முடியாது.

சொல்வதற்கும் செய்வதற்கும் உள்ள இடைவெளிக்கு எல்லாப் பாடநூலும் ரிச்சர்ட் லாபியரைக் காட்டும். 1930களின் தொடக்கத்தில் ஒரு சீனத் தம்பதியோடு அமெரிக்கா முழுவதும் சுற்றினார். 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் நுழைந்ததில் ஒன்றே ஒன்றில்தான் இடமில்லை என்றார்கள். பிறகு கடிதம் எழுதிக் கேட்டபோது, பதில் போட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் சீனர்களைச் சேர்க்க மாட்டோம் என்றார்கள். நம் நாட்டில் இடைவெளி பெரும்பாலும் மறுபக்கம் சாயும்: வாயில் சமத்துவம், வாசலில் வேறு. 2011-12இல் நடந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு இதை உணர்ந்தே கேள்வியை இரண்டாகப் பிரித்தது. உங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை பார்ப்பதுண்டா என்று முதலில். இல்லை என்றவர்களிடம், பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வந்தாலோ பாத்திரத்தைப் பயன்படுத்தினாலோ பரவாயில்லையா என்று அடுத்தது. இரண்டையும் சேர்த்துத்தான் நாட்டில் சுமார் 27 சதவிகிதக் குடும்பங்கள் என்ற எண் கிடைத்தது. கொள்கையைக் கேட்டால் கொள்கை வரும். அடுப்பங்கரையைக் கேட்டால்தான் நடப்பு வரும். அதுவும் முழுதாக வராது என்பது என் எண்ணம்.

கொத்தடிமை விஷயத்திலும் இதே கதை. செங்கல் சூளையிலோ அரிசி ஆலையிலோ இருக்கும் இருளர் குடும்பத்திடம் 'நீங்கள் கொத்தடிமையா' என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும், அதுவும் முதலாளியின் ஆள் பத்தடி தள்ளி நிற்கும்போது. 1976 சட்டத்தின் சாரம் முன்பணமும், அதனால் இழந்த சுதந்திரமும். ஆகவே முன்பணம் எவ்வளவு வாங்கினீர்கள், கணக்கு யார் எழுதுகிறார், திருவிழாவுக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போக முடியுமா, பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டுத்தான் போக வேண்டுமா, வேறு சூளைக்குப் போக விடுவார்களா என்று கேட்க வேண்டும்; அதுவும் ஆலைக்கு வெளியே கூட்டிப் போய்க் கேட்க வேண்டும். இங்கே பேட்டியின் முடிவில் இருப்பது கட்டுரை அல்ல, ஆர்டிஓ கையெழுத்திடும் விடுதலைச் சான்றிதழ்.

தனிமை பற்றித் தேசியக் குடும்பநல ஆய்வு ஒரு நல்ல விதி வைத்திருக்கிறது. கணவனின் வன்முறை குறித்த கேள்விகளை ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டுமே கேட்பது. தனிமை கிடைக்காவிட்டால் கேட்காமலே விடுவது. ஆய்வு என்ற பெயரில் அவருக்கு அடி வாங்கிக் கொடுக்கக் கூடாது. ஆனால் நம் கிராமத்தில் தனிமை எளிதில் வாய்க்காது. கணக்கெடுக்க ஆள் வந்தால் தெருவே கூடும். கேள்வி ஒருத்தரிடம், பதில் பக்கத்து வீட்டம்மாவிடமிருந்து. இதைத் தொல்லையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. 'ஏன்க்கா, போன வருஷம் நகையை வெச்சீங்களே, அதைச் சொல்லுங்க' என்று அவர் எடுத்துக்கொடுத்ததால் வெளிவந்த கடன்கள் உண்டு. அதே அம்மா நிற்பதால் வெளிவராமல் போனவையும் உண்டு. படிவத்தில் 'கூட இருந்தவர்' என்று ஒரு கட்டம் இருந்தால் போதும், பாதிச் சிக்கல் தீரும்.

நீண்ட வாழ்க்கைக் கதைகளுக்கு வந்தால் இரண்டு நூல்கள் தனித்து நிற்கின்றன, இரண்டுக்கும் விசித்திரமான ஓர் ஒற்றுமை. ஜோசியான் ரசீன் புதுச்சேரி அருகே காரணி என்ற ஊருக்குப் பாட்டுகளைப் பதிவு செய்யப் போனார். அங்கே வீரம்மா என்ற பறையர் பெண்ணின் பாட்டு மெல்ல மெல்லப் பேச்சாகி, பத்தாண்டு உரையாடலாகி, 1995இல் பிரெஞ்சிலும் 1997இல் ஆங்கிலத்திலும் நூலாயிற்று. வாலன்டைன் டேனியல் இலங்கை மலையகத்துக்குப் போனதும் தேயிலைத் தோட்டப் பெண்களின் பாட்டைத் தேடித்தான். அது 1983, ஜூலைக் கலவரத்தின் சூடு ஆறாத நேரம். மக்கள் பாட்டை விட்டுவிட்டு, நடந்ததைச் சொல்லத் தொடங்கினார்கள். 1996இல் வந்த அவரது நூல் அதன் விளைவு. எதைக் கேட்கப் போனோம் என்பதை மறக்கத் தெரிந்ததால்தான் இருவருக்கும் அவை கிடைத்தன.

வீரம்மாவைப் படிக்கும்போது மென்ஷர்–மொஃபட் வழக்கும் வேறாகத் தெரிகிறது. எல்லாம் தலைவிதி என்று ஏற்பதும் ஆண்டையை நையாண்டி செய்வதும் அவரிடம் ஒன்றாகவே இருக்கின்றன. ஒருமுறை போய் ஒரு மணி நேரம் கேட்பவருக்கு இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். எது கிடைக்கும் என்பது அன்றைய நாளைப் பொறுத்தது.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே இதைச் செய்தவர்களையும் மறக்கக் கூடாது. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் போய்ப் பார்த்துப் பேசி 'கரிப்பு மணிகள்' எழுதினார். மீனவர்களிடமும் தஞ்சை விவசாயக் கூலிகளிடமும் அப்படியே போனார். நாவல் என்பதால் சமூகவியலாளர்கள் அதை மேற்கோள் காட்டுவதில்லை. அவர்கள் காட்டும் சில ஆய்வேடுகளைவிட அவரது களப்பணி மேலானது. ஆ. சிவசுப்பிரமணியன் தென்மாவட்டங்களில் வாய்மொழி வழக்காறுகளைத் திரட்டி எழுதியவை இன்னொரு பெரும் சேமிப்பு.

கேட்பதற்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்த ராஜனி திராணகம, 1987இல் இந்திய அமைதிப்படை நுழைந்தபின் பெண்களுக்கு நேர்ந்ததை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதினார். மூன்று சக ஆசிரியர்களோடு சேர்ந்து அவர் எழுதிய 'முறிந்த பனை' 1990இல் நூலாக வருமுன், 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். பேட்டி கொடுப்பவரின் பெயரை மறைப்பது பற்றிப் பாடநூல்கள் நிறையப் பேசுகின்றன. பேட்டி எடுப்பவரைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

எங்கள் பக்கத்தில் இன்று கேள்வித்தாளோடு வருபவரைப் பார்த்ததும் மக்கள் மனத்தில் ஓடுவது வேறு. 2022இல் பரந்தூர் விமான நிலைய அறிவிப்பு வந்தது. ஏகனாபுரம் மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். நில எடுப்புக்கு முன் சமூகத் தாக்க மதிப்பீடு தேவை என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆகவே சமூக ஆய்வு என்ற சொல்லே நிலம் போவதன் முதல் படியாகக் கேட்கிறது. 'எத்தனை சென்ட் இருக்கு' என்று கேட்கும் முதுகலை மாணவிக்கு அதனால்தான் பதில் வராது. ரேஷன் கார்டு, வீட்டுமனைப் பட்டா, நூறு நாள் வேலை என்று ஏதாவது கிடைக்கும் என்ற எண்ணம் இருந்தால் நிலம் சுருங்கும். மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டில் அதே நிலம் பெருகும். பயத்துக்கும் எதிர்பார்ப்புக்கும் நடுவில் இருக்கும் எண்ணை, பத்திரத்தோடும் அடங்கலோடும் பொருத்திப் பார்க்காமல் அட்டவணையில் ஏற்றக் கூடாது.

கடைசியாக, இந்த வேலையை உண்மையில் செய்பவர்கள். பேராசிரியர்கள் எழுதுகிறார்கள், வெயிலில் வீடு வீடாகப் போவது படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசிய இளைஞர்களும் சுய உதவிக் குழுப் பெண்களும். கூலி அப்படி இருக்கும்போது வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நிரப்பிய படிவங்களும் சேர்வதில் அதிசயமில்லை. இப்போது டேப்லெட் வந்துவிட்டது. 2015-16 குடும்பநல ஆய்விலிருந்தே பதில்கள் நேராகக் கணினியில் ஏறின. நேரமும் இடமும் பதிவாவதால் மரத்தடிப் படிவம் குறையலாம். ஆனால் பட்டியலில் இல்லாத பதிலைச் சொல்பவரை டேப்லெட் 'மற்றவை' என்ற கட்டத்துக்குள் தள்ளிவிடுகிறது. படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதும் இடம் போயிற்று. அனுபவமுள்ள களப்பணியாளர்கள் 'மாமியார் வந்ததும் பேச்சை மாற்றினார்' என்று எழுதியதெல்லாம் அந்த ஓரத்தில்தான்.

நம் பல்கலைக்கழக ஆய்வேடுகள் இன்று ஷோத்கங்கா தளத்தில் யாரும் படிக்கும்படி கிடக்கின்றன. சமூகவியல், பொருளியல், சமூகப்பணி ஆய்வேடு ஏதாவதொன்றைத் திறந்து பின்னிணைப்பைப் பாருங்கள். கேள்வித்தாள் பெரும்பாலும் இருக்கும், அதுவும் பல சமயம் ஆங்கிலத்தில். அந்தக் கேள்வியைத் தமிழில் எப்படிக் கேட்டார்கள் என்பது இருக்காது. பதில் சொன்னவர் பேசிய தமிழ் ஒரு பக்கமாவது சேர்த்திருந்தால் பெரிய காரியம். எங்கே உட்கார்ந்து கேட்டார்கள், யார் அழைத்துப் போனார், எந்த மாதம், எத்தனை பேர் பேச மறுத்தார்கள் என்று நான்கு வரி எழுத ஆகும் செலவு ஒன்றுமில்லை. நெறியாளர்கள் கேட்டால் மாணவர்கள் எழுதுவார்கள். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தொடங்கினாலும் அடுத்த ஆண்டிலிருந்தே எழுதுவார்கள்.